முடிவு தெரிந்தும் படிக்கிறோம்: இன்றைய காதல் நாவல்களும் இளையோர் நாவல்களும்

துப்பறியும் கதையில் கொலையாளி கடைசியில் அகப்படுவான் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். அதற்காக அந்த வகையை யாரும் இளப்பமாகப் பேசுவதில்லை. காதல் நாவல் என்றால் மட்டும், "இருவரும் சேரத்தானே போகிறார்கள், அதில் படிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். இளையோர் நாவல்களையும் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை, வயது ஏறினால் விட்டுவிட வேண்டியவை என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆங்கிலத்தில் வெளிவரும் இந்த இரு வகை நாவல்களையும் பல ஆண்டுகளாக ஆசையோடு படித்து வருகிறேன். இவற்றில் நல்லவை இன்றைய புனைகதையின் முதல் வரிசையில் வைக்கத் தக்கவை என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணங்களை வரலாற்றோடும் எடுத்துக்காட்டுகளோடும் முன்வைக்கவே இந்தக் கட்டுரை. என் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய காதல் கதையில் காதலர்களைப் பெரும்பாலும் வெளியுலகம் தடுத்தது. இல்லாவிட்டால் ஒரு தவறான புரிதல் தடுத்தது. இன்றைய நல்ல காதல் கதையில், ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்ல அஞ்சும் ஓர் உண்மை தடுக்கிறது. அந்த உண்மை வாய்விட்டுச் சொல்லப்படும் இடமே கதையின் உச்சம். முடிவு தெரிந்திருந்தும் நாம் பக்கத்தைப் புரட்டுவது அந்த இடத்தை எட்டத்தான்.

காதல் நாவல் தரும் வாக்கு

பமீலா ரெஜிஸ் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட நூலில் ஆங்கிலக் காதல் நாவலின் வரலாற்றைச் சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமீலா'விலிருந்து (1740) தொடங்குகிறார். எந்தக் காதல் நாவலிலும் எட்டு உறுப்புகளைக் காணலாம் என்பது அவர் கருத்து: காதலர் வாழும் சமூகம், சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலைச் சொல்லுதல், இனிச் சேரவே முடியாது என்று தோன்றும் கட்டம், தடையைக் கடக்கும் வழி புலப்படுதல், இணைவதற்கான உறுதி. இந்த எட்டில் ஒரு நாவலின் தரத்தைத் தீர்மானிப்பது தடைதான் என்று எனக்குப் படுகிறது. தடை அழுத்தமாக இருந்தால் மற்ற ஏழும் தாமாக உயிர்பெறும். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813இல் வந்தது. இன்றும் அது புதிதாக இருப்பதற்குக் காரணம், அங்கே தடை பணத்திலும் குலத்திலும் மட்டும் இல்லை என்பதே. எலிசபெத், டார்சி இருவருமே தம்மைத் தவறாகக் கணித்து வைத்திருக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வகை பெருந்தொழிலாக வளர்ந்தது. 1908இல் லண்டனில் மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் தொடங்கப்பட்டது. 1949இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ஹார்லெக்வின். 1971இல் ஹார்லெக்வின் மில்ஸ் அண்ட் பூனை வாங்கிக்கொண்டது. அந்த மெல்லிய புத்தகங்கள் சென்னையின் வாடகை நூலகங்கள் வரை வந்து சேர்ந்தன. 1972இல் கேத்லீன் வுடிவிஸ் எழுதிய 'தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்' வரலாற்றுக் காதல் நாவலுக்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்டது. ஆனால் அதில் நாயகன் நாயகியை முதலில் வன்புணர்கிறான். பிறகு அவனையே அவள் காதலிக்கிறாள். அதைத் தொடர்ந்து வந்த பல நாவல்களிலும் வன்முறை காதலுக்கு முன்னுரையாகவே வந்தது. இன்றைய நாவல்கள் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கின்றன என்று அளக்க வேண்டுமானால் இந்தத் தொடக்கத்தை மறக்கக் கூடாது.

1984இல் வெளிவந்த ஜானிஸ் ராட்வேயின் 'ரீடிங் தி ரொமான்ஸ்', காதல் நாவல் வாசகிகளிடமே நேரில் கேட்டு எழுதிய ஆய்வு. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஓர் ஊர்; அங்கே புத்தகக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்மணியின் பரிந்துரையை நம்பி நாவல் வாங்கும் பெண்கள். புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டால் அந்த நேரம் தங்களுக்கே உரிய நேரம் என்று அவர்கள் சொன்னார்கள். வீட்டில் எல்லோரையும் கவனித்துக்கொள்ளும் பெண், தன்னைக் கவனிக்கும் ஒருவனைக் கதையில் தேடினாள். ராட்வேக்கு ஓர் ஐயமும் இருந்தது: இந்த ஆறுதல் கிடைத்துவிட்டால், வாழ்க்கையை மாற்ற வேண்டும் என்ற வேகம் தணிந்துவிடாதா? நியாயமான கேள்வி. கீழே பேசப்போகும் நாவல்களையே அதற்கான பதிலாக நான் காண்கிறேன்.

1980இல் உருவான அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே நிபந்தனைகளை வைத்தது. கதையின் மையத்தில் ஒரு காதல் இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். இரண்டாவது நிபந்தனை எழுத்தாளர் வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு. இதைத்தான் பலரும் இந்த வகையின் பலவீனம் என்கிறார்கள். நான் பலம் என்கிறேன். நோய், துக்கம், கைவிடப்பட்ட குழந்தைப்பருவம், வன்முறையின் நினைவு என்று எந்த இருளுக்குள்ளும் எழுத்தாளர் நம்மைத் துணிந்து கூட்டிச் செல்ல முடிவது, வெளியே கொண்டுவந்து விடுவார் என்ற உறுதி நமக்கு இருப்பதால்தான்.

இளையோர் நாவல் தரும் வாக்கு

இளையோர் நாவலின் வாக்கு வேறு. 1942இல் வந்த மோரீன் டேலியின் 'செவன்டீந்த் சம்மர்' இந்த வகையின் முன்னோடி என்று பலராலும் கருதப்படுகிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஃபான் டு லாக் ஊரில் ஒரு கோடைக்காலம். ஏஞ்சிக்கும் ஜாக்குக்கும் முதல் காதல். கோடை முடிந்ததும் அவள் கல்லூரிக்குப் போய்விடுகிறாள். எஸ். இ. ஹின்டன் தன் பதின்பருவத்திலேயே எழுதி 1967இல் வெளியிட்ட 'தி அவுட்சைடர்ஸ்' நாவலில் அந்த வயதுப் பிள்ளைகள் தங்கள் குரலிலேயே பேசினார்கள். உடலுறவு கொள்ளும் இளைஞர்கள் கதை முடிவதற்குள் தண்டிக்கப்பட்டே தீர வேண்டும் என்ற வழக்கத்தை 1975இல் ஜூடி ப்ளூம் 'ஃபாரெவர்' நாவலில் உடைத்தார். அப்படி ஒரு கதை வேண்டும் என்று கேட்டது அவருடைய மகள்தான். கேத்தரினும் மைக்கேலும் என்றைக்கும் பிரிய மாட்டோம் என்று சொல்லிக்கொள்கிறார்கள், பிறகு பிரிகிறார்கள், இருவருடைய வாழ்க்கையும் மேலே நடக்கிறது. இந்த நாவலைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லும் குரல்கள் பல பத்தாண்டுகள் ஓயவில்லை.

காதல் நாவல் 'சேர்வீர்கள்' என்கிறது. இளையோர் நாவல் 'பிரிந்தாலும் நிமிர்வாய்' என்கிறது. அந்த வயதில் எல்லாமே முதல் முறை நடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க முன் அனுபவம் கிடையாது. நாற்பது வயதில் ஒரு மாதத்தில் ஆறக்கூடிய காயம் பதினாறு வயதில் உலகத்தின் முடிவாகத் தெரியும். நல்ல இளையோர் நாவல் அந்த அளவைக் குறைத்துச் சொல்லாது. 'இதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும்' என்று பெரியவர்களின் குரலில் சமாதானமும் சொல்லாது.

2012இல் வந்த ஜான் க்ரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' இதற்கு நல்ல சான்று. ஹேசலும் அகஸ்டஸும் புற்றுநோய் கண்ட பிள்ளைகளின் ஆதரவுக் குழுவில் சந்திக்கிறார்கள். இதில் மரணம் உண்டு. ஆகவே காதல் நாவலின் வாக்கு இங்கே செல்லாது. ஆனாலும் அகஸ்டஸ் உயிரோடு இருக்கும்போதே, அவனுக்கான இரங்கலுரையை ஹேசல் அவன் முன்னால் வாசித்துக் காட்டுகிறாள். இறந்த பிறகு எல்லோரும் சொல்லப்போவதைக் கேட்க வேண்டியவனின் காதில் போட்டுவிடுகிறாள். சாவைத் தடுக்க முடியாத கதையில் சொல்லாமல் விடுவதையாவது தடுத்துவிடலாம் என்பதுதான் அந்த நாவல் தரும் வெற்றி.

தடை உள்ளே குடிபெயர்ந்தது

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். இன்றைய காதல் நாவலாசிரியர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் எமிலி ஹென்றி. இவர் இளையோர் நாவல்களில் தொடங்கி 2020இல் 'பீச் ரீட்' மூலம் பெரியவர்களுக்கான காதல் கதைக்கு வந்தவர். அந்த நாவலின் ஜனவரி மகிழ்ச்சியான முடிவுகளை எழுதும் எழுத்தாளர். அப்பா இறந்த பிறகுதான் அவருக்கு இன்னொரு பெண்ணோடு உறவு இருந்தது தெரிய வருகிறது. அதன்பின் ஒரு வரிகூட அவளால் எழுத முடியவில்லை. அவர் விட்டுச்சென்ற ஏரிக்கரை வீட்டுக்கு வருகிறாள். பக்கத்து வீட்டில், இருண்ட 'இலக்கிய' நாவல்கள் எழுதும் கஸ். கல்லூரிக் காலத்துப் போட்டியாளன். இருவரும் ஒரு பந்தயம் கட்டுகிறார்கள்: அவன் மகிழ்ச்சியான முடிவு எழுத வேண்டும், அவள் துயரமான நாவல் எழுத வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் காதல் கதைக்குள்ளேயே காதல் கதையைப் பற்றிய விவாதம் முழுவதும் அடங்கிவிடுகிறது. மகிழ்ச்சியை நம்புகிறவள் ஏமாளியா, நம்பாதவன் கோழையா என்பதை இருவரும் பேசிப் பேசித்தான் கண்டடைகிறார்கள். 2022இல் வந்த 'புக் லவர்ஸ்' இன்னும் கூர்மையானது. சிற்றூர்க் காதல் கதைகளில் நாயகன் கைவிட்டுவரும் 'நகரத்துக் கறார்ப் பெண்' ஒருத்தி எப்போதும் இருப்பாள். ஹென்றி அவளையே நாயகியாக்கினார். நோரா நியூயார்க்கில் இலக்கிய முகவர். தாய் இறந்த பிறகு தங்கையை வளர்த்தவள். தன் விருப்பம் என்று ஒன்றைக் கேட்கத் தெரியாததுதான் அவளுடைய தடை. நல்ல பெண்ணாக மாறுவதற்காக அவள் வேலையையோ ஊரையோ துறக்க வேண்டியதில்லை. மில்ஸ் அண்ட் பூன் காலத்திலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

பிரிட்டனின் டாலியா ஹிபர்ட் 2019இல் எழுதிய 'கெட் எ லைஃப், க்ளோயி ப்ரௌன்' நாவலில் நாயகிக்கு ஃபைப்ரோமயால்ஜியா. ஓயாத உடல்வலி தரும் நோய். நோய் வந்ததும் நெருங்கியவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போனதைப் பார்த்தவள் அவள். இனி யாரையும் நம்பி எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அவள் குடியிருக்கும் கட்டடத்தைப் பராமரிக்கும் ரெட், ஓவியன். பழைய உறவு ஒன்றில் சிறுமைப்படுத்தப்பட்டவன். அவன் அவளைக் 'குணப்படுத்துவது' இல்லை. வலி அதிகமான நாளில் என்ன உதவும் என்று கேட்கிறான்; சொன்னதைச் செய்கிறான். நோய் கடைசிப் பக்கத்திலும் இருக்கிறது, காதலும் இருக்கிறது. நோயாளி குணமானால்தான் காதலுக்குத் தகுதி என்று காலங்காலமாக நம்பிவந்த கதை மரபை ஹிபர்ட் பிரசங்கம் ஏதுமில்லாமல் மாற்றிவிட்டார்.

ஹெலன் ஹோவாங்கின் 'தி கிஸ் கோஷன்ட்' (2018) நாவலிலும் இதே நேர்மை உண்டு. பொருளாதாரப் புள்ளியியலில் வல்லவளான ஸ்டெல்லா ஆட்டிசம் கொண்டவள். உடல் நெருக்கம் தனக்கு ஏன் அச்சம் தருகிறது என்று புரியாமல், அதைக் கற்றுக்கொள்ள மைக்கேல் என்பவனை வேலைக்கு அமர்த்துகிறாள். ஒவ்வொரு நெருக்கத்துக்கும் முன்னால் 'சரியா?' என்று கேட்பதையே காதலின் மொழியாக மாற்றியிருக்கிறார் ஹோவாங். 1972இல் வந்த வுடிவிஸின் நாவலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒப்புதல் என்ற கேள்வியே எழவில்லை. இங்கே கதை நடப்பதே ஒப்புதலால். ஆசிரியர் இந்த நாவலுக்காகத் தகவல் தேடிக்கொண்டிருந்த காலத்தில்தான் தனக்கும் ஆட்டிசம் இருப்பதை உறுதிசெய்துகொண்டார் என்பது, ஸ்டெல்லாவின் உள்ளுலகம் ஏன் இவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்பதை விளக்குகிறது.

இந்த வரிசையின் சிகரமாக நான் வைப்பது கென்னடி ரயன் 2022இல் எழுதிய 'பிஃபோர் ஐ லெட் கோ'. யாஸ்மென், ஜொசையா இருவரும் அட்லாண்டாவில் உணவகம் நடத்துகிறவர்கள், இரண்டு பிள்ளைகள், மணமுறிவு ஏற்கெனவே நடந்துவிட்டது. தாய்போல் வளர்த்த அத்தையின் மரணம், வயிற்றிலேயே இறந்துபோன குழந்தை, அதன்பின் யாஸ்மெனை விழுங்கிய மனச்சோர்வு எல்லாமே கதை தொடங்குவதற்கு முன் நடந்தவை. இவர்களுக்கு நடுவே வில்லன் யாரும் இல்லை. ஒரே துக்கத்தை இருவரும் தனித்தனியே சுமந்தார்கள். அதைப் பேசாமல் இருந்ததே பிரிவாயிற்று. மனநல ஆலோசகரின் அறையில் ஜொசையா முதல்முறையாகப் பேசத் தொடங்கும் பக்கங்களில் எந்த முத்தக் காட்சியிலும் இல்லாத தவிப்பு இருக்கிறது. காதல் நாவல் ஒரு திருமணத்தின் துக்கத்தை இவ்வளவு ஆழமாகச் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் படித்ததில்லை.

சொல்வதும் அம்பலமாவதும்

இந்த நாவல்களை அடுத்தடுத்துப் படிக்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. உண்மையைத் தானாகச் சொல்வதும் அது மற்றவர் கையால் அம்பலமாவதும் ஒன்றல்ல என்பதில் இன்றைய எழுத்தாளர்கள் கண்ணும் கருத்துமாக இருக்கிறார்கள். ஜென்னி ஹானின் 'டு ஆல் தி பாய்ஸ் ஐ'வ் லவ்ட் பிஃபோர்' (2014) நாவலில் லாரா ஜீன் தன் மனம் விரும்பியவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிப் பெட்டியில் போட்டு வைக்கிறாள். ஒருநாள் அவை தபாலில் போய்விடுகின்றன. பெக்கி ஆல்பர்டாலியின் 'சைமன் வெர்சஸ் தி ஹோமோ சேப்பியன்ஸ் அஜெண்டா' (2015) நாவலில் தற்பாலீர்ப்புள்ள சைமனின் ரகசிய மின்னஞ்சல்களை ஒரு வகுப்புத் தோழன் பார்த்துவிட்டு மிரட்டுகிறான். கேசி மெக்விஸ்டனின் 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ' (2019) நாவலில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மகன் அலெக்ஸும் பிரிட்டிஷ் இளவரசன் ஹென்றியும் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் உலகத்தின் முன் கசிந்துவிடுகின்றன.

லாரா ஜீனின் கதையில் அம்பலம் இனிய குழப்பமாக முடிகிறது. சைமனுக்கும் அலெக்ஸுக்கும் அது ஒரு களவு. எப்போது, யாரிடம், எந்தச் சொற்களில் சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை தன்னுடையது. அதைத்தான் பறித்துவிட்டார்கள் என்ற சைமனின் கோபம் அந்த நாவலின் அறம். ஆல்பர்டாலியின் வாழ்க்கையிலும் இது நடந்தது. தற்பாலீர்ப்பைப் பற்றி எழுதும் உரிமை இவருக்கு உண்டா என்று பொதுவெளியில் பல ஆண்டுகள் கேள்விகள் எழுந்தன. 2020இல் தான் இருபாலீர்ப்பு கொண்டவர் என்று எழுதிய அவர், அந்த அழுத்தம் தந்த வலியையும் சேர்த்தே எழுதினார். ஒரு நாவல் கற்பித்த பாடத்தை அதன் வாசகர் உலகமே மீறியது. இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அந்த நாவலைத் திரும்பப் படித்தால் அதன் கனம் கூடியிருக்கும்.

நல்ல முடிவு யாருக்கு?

மகிழ்ச்சியான முடிவு யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்த வகையைப் பற்றிப் பேச முடியாது. மேலே சொன்ன அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விவியன் ஸ்டீபன்ஸ் கறுப்பினப் பதிப்பாசிரியர். 1990களில் பெவர்லி ஜென்கின்ஸ் 'நைட் சாங்' (1994), 'இண்டிகோ' (1996) ஆகிய நாவல்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கறுப்பின மக்களின் காதலை வரலாற்று உழைப்போடு எழுதினார். ஆனாலும் அந்தச் சங்கத்தின் ரீட்டா விருது கறுப்பின எழுத்தாளர்களுக்கு முதன்முதலில் கிடைத்தது 2019இல்தான். பெற்றவர்களில் ஒருவர் மேலே சொன்ன கென்னடி ரயன். அந்த ஆண்டின் இறுதியில் இன வேறுபாடு குறித்து வெடித்த பூசலில் சங்கம் உடைந்து நலிந்தது. விருதின் பெயர் பிறகு விவியன் என்று மாற்றப்பட்டது.

குழந்தை இலக்கிய அறிஞர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரையில், புத்தகம் சிலருக்குக் கண்ணாடியாகவும் சிலருக்குச் சாளரமாகவும் இருக்கும் என்றார். இளையோர் நாவல் இந்தக் கருத்தைக் காதல் நாவலைவிட வேகமாக உள்வாங்கிக்கொண்டது. பெஞ்சமின் அலிரே சாயன்ஸின் 'அரிஸ்டாட்டில் அண்ட் டான்டே டிஸ்கவர் தி சீக்ரெட்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்' (2012) 1987ஆம் ஆண்டின் எல் பாசோவில் நடக்கிறது. மெக்சிகோ வழிவந்த இரண்டு பையன்கள். தன் மனத்தைத் தானே அறிய மறுக்கும் ஆரியிடம் அந்த உண்மையை எடுத்துச் சொல்கிறவர்கள் அவனுடைய பெற்றோர். பிள்ளையைப் பெற்றோர் துரத்தும் கதைகளையே படித்து வந்தவர்களுக்கு இந்த அத்தியாயம் ஒரு பெரிய ஆறுதல். மலிண்டா லோவின் 'லாஸ்ட் நைட் அட் தி டெலிகிராஃப் கிளப்' 1954இன் சான் ஃபிரான்சிஸ்கோ சீனக்குடியிருப்பில் நடக்கிறது. லில்லி ஒரு பெண்ணைக் காதலிக்கிறாள். கம்யூனிஸ்டு வேட்டைக் காலத்தில் அவள் தந்தையின் குடியுரிமையே ஆபத்தில் இருக்கிறது. இங்கே மனத்தின் தடையும் அரசின் தடையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. 2021இல் இந்நூல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது.

எலிசபெத் அசெவெடோவின் 'தி போயட் எக்ஸ்' 2018இல் அதே விருதைப் பெற்ற செய்யுள் நாவல். ஹார்லெமில் வளரும் சியோமாராவின் கவிதைகளை ஏமன் என்ற வகுப்புத் தோழன் செவிகொடுத்துக் கேட்கிறான். காதலின் தொடக்கம் அவ்வளவுதான். நிக்கோலா யூனின் 'தி சன் இஸ் ஆல்சோ எ ஸ்டார்' (2016) நியூயார்க்கில் ஒரே நாளில் நடக்கிறது. ஜமைக்காக் குடும்பத்துப் பெண் நடாஷா அன்று இரவே நாடு கடத்தப்பட இருக்கிறாள். கொரியக் குடும்பத்துப் பையன் டேனியல் அன்று காலை அவளைச் சந்திக்கிறான். வழியில் எதிர்ப்படும் பாதுகாப்புக் காவலர் போன்றவர்களுக்கும் தனி அத்தியாயம் தந்து, ஒரு காதலுக்கு எத்தனை முன்பின் தெரியாதவர்கள் காரணமாகிறார்கள் என்று காட்டும் கட்டமைப்பு எனக்கு மிகப் பிடித்தது. எஸ். கே. அலியின் 'லவ் ஃப்ரம் ஏ டு இஸட்' (2019) மார்க்கத்தைக் கடைப்பிடிக்கும் முஸ்லிம் இளைஞர்கள் இருவரின் கதை. அவர்கள் பெரும்பாலும் தொட்டுக்கொள்வதே இல்லை. ஆனாலும் ஈர்ப்பு ஒவ்வொரு பக்கத்திலும் துடிக்கிறது.

சந்தியா மேனனின் 'வென் டிம்பிள் மெட் ரிஷி' (2017) நம் வீடுகளுக்கு மிக அருகில் வருகிறது. பெற்றோர் இரகசியமாகப் பேசி முடித்துவிட, வருங்கால மனைவி என்று நினைத்து ரிஷி வணக்கம் சொல்ல, ஒன்றும் அறியாத டிம்பிள் கையிலிருந்த குளிர்காபியை அவன்மேல் வீசிவிட்டு ஓடுகிறாள். கணினி நிரல் எழுதும் கனவை விடாத பெண்ணும், ஓவியம் வரையும் ஆசையைப் பெற்றோருக்காக மறைக்கும் பையனும் ஒருவரையொருவர் நேராகப் பேச வைக்கிறார்கள்.

இளையோர் கதைகளில் அண்மைக்காலத்தில் என் மனத்தை முழுதாக வென்றது ஆலிஸ் ஓஸ்மனின் சித்திரக்கதை 'ஹார்ட்ஸ்டாப்பர்'. 2016இல் இணையத்தில் தொடங்கி, பிறகு நூல்களாகவும் 2022இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது. நிக், சார்லி இருவரின் காதல் இதமானது. அதே சமயம் சார்லிக்கு உண்ணுதல் கோளாறும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் இருக்கின்றன. காதல் அந்த நோயைத் தீர்த்துவிடாது, மருத்துவ உதவி வேண்டும் என்று கதை வெளிப்படையாகச் சொல்கிறது. காதலுக்கு இவ்வளவு மரியாதை தரும் ஒரு கதை, காதலின் எல்லையையும் பதின்பருவ வாசகருக்குச் சொல்லித் தருவது பெரிய பொறுப்புணர்ச்சி.

எதிர்க்கேள்விகள்

இந்த வகைகளைப் பற்றிய குற்றச்சாட்டுகளில் நியாயமானவையும் உண்டு. முதலாவது, ஆதிக்கத்தைக் காதலாகக் காட்டுவது. 2005இல் வந்த 'ட்வைலைட்' நாவலில் தூங்கும் பெண்ணை அவள் அறியாமல் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவன் காதலனாகக் கொண்டாடப்பட்டான். அந்த வாசனை இன்றும் சில நாவல்களில் வீசுகிறது. காலின் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016) இதற்கு எதிர்த்திசையில் செல்ல முயல்கிறது. அடிக்கும் கணவனை விட்டு லில்லி வெளியேறுகிறாள். மகளுக்காக அந்தச் சங்கிலியை அறுக்கிறாள். அந்த முடிவு துணிவானது. ஆனால் அடிக்கிறவனைக் கவர்ச்சியாக வரைவதற்குக் கதை செலவிடும் பக்கங்கள் மிக அதிகம்; விற்பனை உலகமும் இதை இனிமையான காதல் கதைபோலவே கொண்டுசென்றது. இதற்கு வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றை வெளியிடும் திட்டம் 2023இல் வாசகர் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. வாசகர்கள் விழிப்போடு இருக்கிறார்கள் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இரண்டாவது, வயது எல்லை கலைந்துபோவது. சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015இல் இளையோர் நூலாக வந்து, பிறகு பெரியவர்களுக்கான வரிசைக்கு மாற்றப்பட்டது. 2023இல் ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' வந்தபின் கற்பனை உலகமும் காதலும் கலந்த நாவல்கள் பெருகிவிட்டன. எளிதில் மூட்டு நழுவும் உடலோடு டிராகன் போர்ப்பள்ளியில் பிழைக்கும் வயலட் எனக்குப் பிடித்த பாத்திரம். ஆனால் அது பெரியவர்களுக்கான நூல். இத்தகைய கதைகளே அலமாரியை நிறைத்துவிட்டால், பதின்மூன்று, பதினான்கு வயதினருக்கான மென்மையான முதல் காதல் கதைகளுக்கு இடம் சுருங்கிவிடும்.

மூன்றாவது, வாய்ப்பாடு. பகைவர் காதலர் ஆவது, காதலர்போல் நடிப்பது, ஒரே அறையில் தங்க நேர்வது என்று கதை முடிச்சுகளைப் பட்டியலிட்டே இன்று புத்தகம் விற்கிறார்கள். டிக்டாக் காணொளிகளில் ஒரு நாவலின் அறிமுகம் பல நேரம் அந்தப் பட்டியலோடு முடிந்துவிடுகிறது. முடிச்சு பழையதாக இருப்பதில் குற்றமில்லை. சாலி தோர்னின் 'தி ஹேட்டிங் கேம்' (2016) பகை காதலாகும் பழைய முடிச்சுதான். எதிரெதிர் மேசையில் அமர்ந்து ஒருவரையொருவர் உற்றுக் கவனித்ததே காதலாக இருந்தது என்று அது கண்டுபிடிக்கிறது. முடிச்சு மட்டும் இருந்து அப்படிப்பட்ட கண்டுபிடிப்பு இல்லாத நாவல்கள் மறு மாதமே மறந்துபோகின்றன.

எங்கே தொடங்கலாம், எது மிச்சம்

புதிதாக வருகிற தமிழ் வாசகருக்கு என் பரிந்துரை இது. இந்த வகையையே நம்பாதவர்கள் 'பீச் ரீட்' படியுங்கள். உங்கள் எல்லாச் சந்தேகங்களையும் அந்த நாவலே கேட்டுவிடும். திருமணமாகிப் பல ஆண்டு ஆனவர்கள் கென்னடி ரயனிடம் செல்லுங்கள். வீட்டில் பதின்பருவப் பிள்ளைகள் இருந்தால் 'ஹார்ட்ஸ்டாப்பர்' வாங்குங்கள், நீங்களும் படியுங்கள். ஆங்கில உரைநடை நீளமாகத் தோன்றினால் 'தி போயட் எக்ஸ்' நல்ல வாசல்.

இன்னும் எழுதப்பட வேண்டியதும் நிறைய இருக்கிறது. இந்நாவல்களின் நாயக நாயகியரில் எழுத்தாளர், பதிப்பாசிரியர், விஞ்ஞானி என்போர் மிகுதி. கூலி வேலை செய்கிறவர்கள் அரிதாகவே மையத்துக்கு வருகிறார்கள். கட்டடத்தைப் பராமரிக்கும் ரெட் போன்றவர்கள் விதிவிலக்கு. அறுபது வயதுக்கு மேல் வரும் காதலுக்கும் போதிய இடம் கிடைக்கவில்லை. நோயுற்ற உடலும், ஆட்டிசம் கொண்ட மனமும், மணமுறிந்த தம்பதியும் நல்ல முடிவுக்கு உரியவர்கள் என்று பத்தே ஆண்டுகளில் நிறுவிக் காட்டிய எழுத்தாளர்களுக்கு இதுவும் இயலும். 'நீங்கள் காதலிக்கப்படத் தக்கவர், உங்கள் உண்மையைச் சொன்ன பிறகும்' என்று ஒரு மனிதரிடம் நானூறு பக்கம் செலவழித்துச் சொல்லும் கலை வடிவம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அது இன்னும் பலரிடம் சொல்லப்பட வேண்டும்.